பாயின்ட்ஸ் கொடுத்தால் சூட் ரூம்... ஹோட்டல் லாயல்டி கணக்கில் லாபம் எங்கே, பள்ளம் எங்கே?

விடுமுறைக்கு ஹோட்டல் தேடும்போது பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. பெரிய ஹோட்டல் நிறுவனங்களின் ஆப்பில் ஊரையும் தேதியையும் போட்டதும், ஓரமாக 'பாயின்ட்ஸைப் பயன்படுத்து' என்று வருமே, அந்தக் கட்டம்தான். அதைத் தொட்டால், ரூபாயில் இருந்த வாடகை மறைந்து, 8,000, 15,000, 24,000 என்று பாயின்ட்ஸ் கணக்காக மாறிவிடும்.

சாதாரண அறைக்கு மட்டும்தான் இந்த வசதி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹாலும் பெட்ரூமும் தனித்தனியாக இருக்கும் சூட் ரூமைக்கூட பாயின்ட்ஸ் கொடுத்தே எடுக்கலாம். சரியாகக் கணக்குப் போட்டால், இரண்டு அறை எடுப்பதைவிட ஒரு சூட் மலிவாகவே முடியும். கணக்கைத் தப்பாகப் போட்டால், 'இலவசம்' என்று நினைத்துச் சேர்த்த பாயின்ட்ஸுக்காகக் கையில் இருக்கும் பணத்தையும் இழக்க நேரிடும். இரண்டையும் பார்த்துவிடுவோம்.

அது என்ன சூட்?

ஆங்கிலத்தில் இதன் சரியான உச்சரிப்பு 'ஸ்வீட்'. நம் ஊரில் 'சூட் ரூம்' என்றே பழகிவிட்டது. உட்கார ஒரு ஹால், படுக்க ஒரு பெட்ரூம், நடுவில் ஒரு கதவு. இதுதான் முழுமையான சூட். பல ஹோட்டல்களில் ஹாலில் சோபா கம் பெட் போட்டிருப்பார்கள். சிலவற்றில் விருந்தினர்களுக்கென்று தனியாக இன்னொரு டாய்லெட்டும் இருக்கும்.

'ஜூனியர் சூட்' என்று ஒன்று உண்டு. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெரும்பாலும் அது ஒரே பெரிய அறைதான். ஒரு பக்கம் கட்டில், இன்னொரு பக்கம் சோபா. நடுவில் சுவரோ கதவோ இருக்காது. தேனிலவுத் தம்பதிக்கு அது போதும். ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்துவிடும் தாத்தா பாட்டியும், பதினோரு மணி வரை கார்ட்டூன் பார்க்கும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து போனால், அந்த ஒரு கதவுக்குத்தான் மதிப்பே.

நம் வீடுகளில் சுற்றுலா என்றால் அது பெரும்பாலும் நான்கைந்து பேர் கிளம்பும் விஷயம். பல ஹோட்டல்களில் சாதாரண அறைக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தான் கணக்கு. ஆகவே இரண்டு அறை எடுத்தாக வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒன்று நான்காவது மாடி, இன்னொன்று ஒன்பதாவது மாடி என்று கொடுத்துவிட்டால், வயதானவர்களை எந்த அறையில் விடுவது, பிள்ளைகளோடு யார் படுப்பது என்று முதல் நாளே பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். சூட் என்பது ஆடம்பரம் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

பாயின்ட்ஸ் வந்த கதை

1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏஅட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் கணக்கில் சலுகை கொடுத்து, வேறு விமானத்துக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கும் உத்தி. அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஹோட்டல்களும் இதைப் பிடித்துக்கொண்டன. ஹாலிடே இன், மேரியட் இரண்டுமே 1983-ல் தங்கள் திட்டங்களைத் தொடங்கின.

இன்று மேரியட் நிறுவனத்தின் திட்டத்துக்குப் பெயர் 'மேரியட் பான்வாய்'. ஹயாட் நடத்துவது 'வேர்ல்ட் ஆஃப் ஹயாட்'. ஹில்டனுக்கு 'ஹில்டன் ஹானர்ஸ்', இன்டர்கான்டினென்டல் குழுமத்துக்கு 'ஐஹெச்ஜி ஒன் ரிவார்ட்ஸ்'. எல்லாவற்றிலும் உறுப்பினராகச் சேர்வது இலவசம். ஒரு இமெயில் முகவரி போதும்.

இவற்றில் எல்லாப் பாயின்ட்டும் ஒன்றல்ல. மேரியட்டிலும் ஹில்டனிலும் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலர் செலவுக்கு 10 பாயின்ட்ஸ். ஹயாட்டில் 5 பாயின்ட்ஸ்தான். அதனால் 'என்னிடம் ஒரு லட்சம் பாயின்ட்ஸ் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வி 'எந்த ஹோட்டலுடையது?' என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

சூட்டுக்குள் போக நான்கு வாசல்கள்

முதல் வாசல்: நேரடியாகப் பாயின்ட்ஸ் கொடுப்பது. இதில் பெயர் பெற்றது ஹயாட். காரணம், எந்த வகை ஹோட்டலுக்கு எத்தனை பாயின்ட்ஸ் என்று ஒரு பட்டியலை வெளியிட்டு, அதில் சூட்டுக்கும் தனியாக ஒரு வரிசை வைத்திருந்தது. 2025-ல் நடைமுறையில் இருந்த பட்டியலின்படி, நான்காம் பிரிவு ஹோட்டலில் கூட்டமும் இல்லாத, காற்றாடவும் இல்லாத ஒரு சாதாரண நாளில், ஓர் இரவுக்கு அறை 15,000 பாயின்ட்ஸ். 'ஸ்டாண்டர்டு சூட்' 24,000. அதைவிடப் பெரிய 'பிரீமியம் சூட்' 30,000. முதல் பிரிவில் அறை 5,000, சூட் 8,000. அதாவது, அறைக்கு ஒரு மடங்கு என்றால் சூட்டுக்குச் சுமார் 1.6 மடங்கு. ரூபாயில் புக் செய்தால் சூட் வாடகை இரண்டு, மூன்று மடங்கு எகிறும் இடங்களில், இந்த 1.6 மடங்குதான் லாபத்தின் சூட்சுமம்.

மற்ற பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இப்படி நிலையான பட்டியல் கிடையாது. ஹில்டன் 2017-லேயே பட்டியலை எடுத்துவிட்டது. மேரியட் 2022 மார்ச்சில் எடுத்தது. அங்கெல்லாம் விமான டிக்கெட் மாதிரி, தேதிக்குத் தேதி பாயின்ட்ஸ் ஏறி இறங்கும். பாயின்ட்ஸ் கொடுத்து சூட் கேட்டால், அறைக்கான பாயின்ட்ஸோடு கூடுதல் பாயின்ட்ஸோ கூடுதல் பணமோ காட்டும். சில சமயம் சூட்டுக்கான பாயின்ட்ஸைப் பார்த்தால், நான்கு இரவு சாதாரண அறையில் தங்கிவிடலாம் போலத் தோன்றும்.

இரண்டாம் வாசல்: அறைக்குப் பணம், சூட்டுக்குப் பாயின்ட்ஸ். சாதாரண அறையை ரூபாயில் புக் செய்துவிட்டு, அதைச் சூட்டாக மாற்ற மட்டும் பாயின்ட்ஸ் கொடுப்பது. அதே 2025-ல் ஹயாட்டில் தகுதியுள்ள கட்டணங்களுக்கு ஓர் இரவுக்கு 6,000 பாயின்ட்ஸ் கொடுத்தால் ஸ்டாண்டர்டு சூட், 9,000 கொடுத்தால் பிரீமியம் சூட். பலருக்கும் தெரியாத வாசல் இது. கொஞ்சம்தான் பாயின்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் உகந்தது.

மூன்றாம் வாசல்: உறுப்பினர்களுக்கான அப்கிரேடு சான்றிதழ்கள். மேரியட்டில் ஓர் ஆண்டில் 50 இரவுகள் கணக்கில் சேர்ந்தால், பரிசுப் பட்டியலிலிருந்து ஐந்து 'நைட்லி அப்கிரேடு அவார்டு'களைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால், கேட்டவுடன் சூட் உறுதியாகிவிடாது. செக் இன் தேதிக்குச் சில நாள்களுக்கு முன்பிருந்துதான் காலியிடம் பார்த்துக் கொடுக்க ஆரம்பிப்பார்கள். ஹயாட் தரும் சூட் அப்கிரேடு சான்றிதழ், சூட் காலியாக இருந்தால் புக் செய்யும்போதே உறுதியாகிவிடும். ஒரு சான்றிதழ் ஏழு இரவுகள் வரை செல்லும். வேலை நிமித்தமாக மாதத்தில் பாதி நாள் ஹோட்டலில் தூங்குபவர்களுக்கான வாசல் இது. ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலா போகும் குடும்பம் இதை எண்ணி ஏங்க வேண்டியதில்லை.

நான்காம் வாசல்: ரிசப்ஷனில் கிடைக்கும் இலவச அப்கிரேடு. உயர்நிலை உறுப்பினராக இருந்து, அன்றைக்கு சூட் காலியாகவும் இருந்தால் கிடைக்கலாம். 'கிடைக்கலாம்' என்ற வார்த்தைதான் இங்கே முக்கியம். ஐந்து பேர் பெட்டி படுக்கையோடு கிளம்பும்போது, இதை நம்பி ஒரே ஓர் அறையை மட்டும் புக் செய்துகொண்டு போவது விபரீதம்.

ஒரு குடும்பக் கணக்கு

நான்கு வாசல்களில் எது லாபம் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். அப்பா, அம்மா, ஒரு குழந்தை, தாத்தா, பாட்டி என ஐந்து பேர். ஒரு ஹோட்டலில் சாதாரண அறை ஓர் இரவுக்கு 12,000 ரூபாய், சூட் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் அறைகளுக்கு 18% ஜி.எஸ்.டி உண்டு. ஆக, அறை 14,160 ரூபாய். இரண்டு அறைகள் 28,320 ரூபாய். சூட் 35,400 ரூபாய். பாயின்ட்ஸில் அறைக்கு 15,000, சூட்டுக்கு 24,000.

* இரண்டு அறைகளைப் பாயின்ட்ஸில் எடுத்தால் 30,000 பாயின்ட்ஸ் போகும்.
* ஒரு சூட்டை எடுத்தால் 24,000 போதும். 6,000 பாயின்ட்ஸ் மிச்சம்.
* ஓர் அறைக்கு 14,160 ரூபாய் கட்டி, 6,000 பாயின்ட்ஸில் சூட்டாக மாற்றினால், இரண்டாவது அறைக்கான 14,160 ரூபாய் மிச்சம்.

பணமாகக் கொடுக்கும்போது இரண்டு அறைகளைவிட சூட் 7,080 ரூபாய் அதிகம். பாயின்ட்ஸாகக் கொடுக்கும்போதோ இரண்டு அறைகளைவிட சூட் மலிவு. நிலையான பட்டியல் இருக்கும் திட்டங்களில், பெரிய குடும்பத்துக்கு சூட் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

ஒரு பாயின்ட் எத்தனை ரூபாய்?

பாயின்ட்ஸ் பற்றிப் பேசும் வீடியோக்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம், '35,000 ரூபாய் சூட்டை இலவசமாக எடுத்தேன்' என்பது. அதன்படி பார்த்தால் 35,400 ரூபாயை 24,000-ஆல் வகுக்க வேண்டும். ஒரு பாயின்ட்டுக்கு 1 ரூபாய் 48 காசு. சாதாரண அறைக்குக் கிடைக்கும் 94 காசோடு ஒப்பிட்டால் பிரமாதம்தான்.

ஆனால், அந்தக் கணக்கில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. பாயின்ட்ஸே இல்லையென்றால் அந்தக் குடும்பம் 35,400 ரூபாய் கொடுத்து சூட் எடுத்திருக்குமா?

எடுத்திருக்காது. இரண்டு அறைகளைத்தான் எடுத்திருக்கும். அப்படியானால் உண்மையில் மிச்சமானது 28,320 ரூபாய். ஒரு பாயின்ட்டின் மதிப்பு 1 ரூபாய் 18 காசு. இதுவும் நல்ல விலைதான்.

இதே இடத்தில் கணவன், மனைவி மட்டும் போகிறார்கள் என்றால்? அவர்களுக்கு ஓர் அறையே போதும். அவர்கள் மிச்சப்படுத்தியது 14,160 ரூபாய்தான். அதற்காக 24,000 பாயின்ட்ஸ் கொடுத்தால், ஒரு பாயின்ட்டுக்கு 59 காசு. அதே சூட், அதே 24,000 பாயின்ட்ஸ். ஆனால், ஐந்து பேர் குடும்பத்துக்கு அது சிக்கனம். இரண்டு பேருக்கு அது செலவு.

அப்கிரேடு கணக்கும் இப்படித்தான். இரண்டு அறை தேவைப்படும் குடும்பத்துக்கு, 6,000 பாயின்ட்ஸில் 14,160 ரூபாய் மிச்சம். ஒரு பாயின்ட்டுக்கு 2 ரூபாய் 36 காசு. இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகளிலேயே பையில் மிஞ்சும் பணத்தில் இதுதான் உச்சம். ஓர் அறையே போதும் என்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. கூடுதல் சுகம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சுகத்துக்காகச் செலவழிப்பது தப்பில்லை. திருமண நாள், அறுபதாம் கல்யாணம் முடித்த பெற்றோரை அழைத்துச்செல்லும் பயணம் போன்றவற்றுக்கு ஆசையாக ஒரு சூட் எடுக்கலாம். ஆனால், அதைச் 'சேமிப்பு' என்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. ஹோட்டல் எழுதிவைத்த விலையைப் பார்த்துப் பாயின்ட்ஸை மதிப்பிடாமல், பாயின்ட்ஸ் இல்லாவிட்டால் நம் பையிலிருந்து எவ்வளவு போயிருக்கும் என்பதைப் பார்த்து மதிப்பிட வேண்டும்.

பாயின்ட்ஸ் எங்கிருந்து வரும்?

தங்கித் தங்கியே சேர்ப்பது எல்லோருக்கும் சாத்தியமில்லை. ஹயாட்டில் ஒரு டாலருக்கு 5 பாயின்ட்ஸ் என்றால், 24,000 பாயின்ட்ஸ் சேர்க்க 4,800 டாலர் செலவழிக்க வேண்டும். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு லட்சத்து எட்டாயிரம் ரூபாய். ஓர் இரவு சூட்டுக்காக! அலுவலகச் செலவில் பயணம் செய்பவர்களுக்குத்தான் இந்த வழி எளிது.

குடும்பங்களுக்கு நடைமுறையில் கைகொடுப்பது கிரெடிட் கார்டு. வங்கிகளின் சில உயர்ரகக் கார்டுகளில் சேரும் ரிவார்டு பாயின்ட்ஸை ஹோட்டல் திட்டங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். என்ன விகிதத்தில் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். ஒருமுறை மாற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்ப வாங்க முடியாது. ஆகவே, சூட் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். முதலில் மாற்றிவைத்துவிட்டுப் பிறகு இடம் தேடுவது, பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதைப்போல.

ஹெச்.டி.எஃப்.சி வங்கியும் மேரியட்டும் சேர்ந்து 2023 ஆகஸ்ட்டில் ஒரு கூட்டுக் கார்டை அறிமுகப்படுத்தின. அதில் 15,000 பாயின்ட்ஸ் மதிப்பு வரையிலான இலவச இரவு ஒன்று கிடைக்கும். இந்த மாதிரி இலவச இரவுகள் பொதுவாகச் சாதாரண அறைகளுக்கானவை. இதை வைத்து சூட் கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்திய நிறுவனங்களின் திட்டங்கள் வேறு மாதிரி. தாஜ் ஹோட்டல்களில் பயன்படும் டாடாவின் நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பு. இப்படி ரூபாய்க்கு ரூபாய் கணக்கு வைக்கும் திட்டங்களில் ஜாக்பாட் கிடையாது. கணக்குத் தப்பிப் பள்ளத்தில் விழும் பயமும் குறைவு. சென்னை கிண்டியில் உள்ள ஐ.டி.சி கிராண்ட் சோழா போன்ற சில ஐ.டி.சி ஹோட்டல்கள், மேரியட்டின் 'லக்ஸுரி கலெக்‌ஷன்' பிராண்டிலும் இடம்பெற்றிருப்பவை. எந்தக் கணக்கில் பாயின்ட்ஸ் சேர்ப்பது என்பதைப் புக் செய்யும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தில் எல்லோருடைய பாயின்ட்ஸும் ஒரே கணக்கில்!

கணவர் கணக்கில் 9,000, மனைவி கணக்கில் 7,000, வேலைக்குப் போகும் மகள் கணக்கில் 8,000 என்று சிதறிக் கிடந்தால் எதற்கும் உதவாது. ஒன்றாகச் சேர்த்தால் 24,000. இதற்கு நிறுவனங்களே வழி வைத்திருக்கின்றன. ஹில்டனில் பத்துப் பேர் வரை நம்மோடு சேர்த்துக்கொண்டு பாயின்ட்ஸை ஒரே இடத்தில் குவிக்கலாம். மேரியட்டில் ஓர் ஆண்டில் ஒரு லட்சம் பாயின்ட்ஸ் வரை இன்னோர் உறுப்பினருக்கு மாற்றலாம். ஹயாட்டிலும் உறுப்பினர்கள் பாயின்ட்ஸை இணைத்துக்கொள்ளும் வசதி உண்டு. பயணத்துக்குக் கடைசி நேரத்தில் இதைச் செய்யாமல், சில வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

எங்கே பள்ளம்?

கிரெடிட் கார்டு வட்டி. பாயின்ட்ஸ் ஆசையில் சக்திக்கு மீறிச் செலவழித்து, முழுத் தொகையைக் கட்டாமல் 'மினிமம் டியூ' மட்டும் கட்டுபவர்களுக்கு இது பெரும் பள்ளம். மாதம் 3.5% வட்டி என்றால் ஆண்டுக்கு 42%. ஒரு லட்சம் ரூபாய் பாக்கிக்கு ஒரு மாதத்தில் 3,500 ரூபாய் வட்டி, அதற்கு 18% ஜி.எஸ்.டி 630 ரூபாய், ஆக 4,130 ரூபாய். மூன்றே மாதங்களில் 12,000 ரூபாயைத் தாண்டிவிடும். மேலே பார்த்த கற்பனை ஹோட்டலில் ஓர் அறையின் வாடகை அது! மாதாமாதம் முழுப் பில்லையும் கட்ட முடியாதவர்கள் பாயின்ட்ஸ் பக்கமே போகாமல் இருப்பதுதான் லாபம்.

பாயின்ட்ஸை விலைக்கு வாங்குவது. ஹோட்டல்களே பாயின்ட்ஸ் விற்கின்றன. ஹயாட்டில் தள்ளுபடி இல்லாத நாளில் 1,000 பாயின்ட்ஸுக்கு 24 டாலர் என்ற விலை இருந்திருக்கிறது. அந்த விலையில் 24,000 பாயின்ட்ஸ் வாங்க 576 டாலர். டாலருக்கு 85 ரூபாய் கணக்கில் 48,960 ரூபாய். நம் கற்பனை ஹோட்டலில் சூட்டின் வாடகையே வரியோடு 35,400 ரூபாய்தான். கொஞ்சம் பாயின்ட்ஸ் குறைகிறது, அதை மட்டும் வாங்கி நிரப்பலாம் என்றால் சரி. மொத்தமாக வாங்குவது, பெரும்பாலும் கடைக்காரருக்குத்தான் லாபம்.

மதிப்புக் குறைப்பு. பாயின்ட்ஸ் வங்கி டெபாசிட் அல்ல, வட்டி கிடையாது. இன்றைக்கு 15,000 பாயின்ட்ஸில் கிடைக்கும் அறை, அடுத்த ஆண்டு 20,000 ஆகலாம். ஹயாட்டே 2022 மார்ச்சில், கூட்டம் அதிகமுள்ள நாள்களுக்குக் கூடுதல் பாயின்ட்ஸ், குறைந்த நாள்களுக்குக் குறைவான பாயின்ட்ஸ் என்று மாற்றியது. பட்டியலைத் திருத்தும் உரிமை எப்போதும் நிறுவனத்தின் கையில்தான். ஆகவே, 'மகள் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பத்து வருடம் சேர்த்துவைக்கும் சமாசாரமல்ல இது. சேர்ந்ததும் செலவழித்துவிட வேண்டும்.

காலாவதி. மேரியட், ஹயாட், ஹில்டன் மூன்றிலுமே கணக்கில் 24 மாதங்களுக்கு எந்த வரவு செலவும் இல்லையென்றால் பாயின்ட்ஸ் போய்விடும். இடையில் ஒரு சிறிய வரவு இருந்தால்கூடக் கணக்கு உயிரோடு இருக்கும்.

வேறு ஆப்பில் புக் செய்வது. பயண ஆப்களில் நூறு, இருநூறு ரூபாய் குறைவாக இருக்கிறது என்று புக் செய்தால், பொதுவாகப் பாயின்ட்ஸும் சேராது, உறுப்பினர் சலுகையும் கிடைக்காது. பாயின்ட்ஸ் வேண்டுமென்றால் ஹோட்டலின் சொந்த இணையதளம் அல்லது ஆப்தான் வழி.

புக் செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* கதவு இருக்கிறதா? 'ஒன் பெட்ரூம் சூட்' என்று இருந்தால் பெரும்பாலும் தனி பெட்ரூம் இருக்கும். சந்தேகம் இருந்தால், ஹோட்டல் தளத்தில் அறையின் வரைபடத்தைப் பாருங்கள். அல்லது போன் செய்து கேட்டுவிடுங்கள்.

* எத்தனை பேருக்கு அனுமதி? சூட் பெரிதாக இருந்தாலும் மூன்று பேருக்கு மேல் அனுமதிக்காத ஹோட்டல்கள் உண்டு. கூடுதல் கட்டில், குழந்தைகளுக்கான வயது வரம்பு, கூடுதல் நபருக்கான கட்டணம் ஆகியவற்றை எழுத்துபூர்வமாக, இமெயிலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் போகிறோம் என்றால் புக்கிங்கிலும் ஐந்து பேர் என்றே போடுங்கள். சூட்டில் ஐந்து பேரைச் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்தால், மேலே போட்ட கணக்கு மொத்தமும் மாறிவிடும்.

* காலை உணவு உண்டா? பாயின்ட்ஸில் எடுக்கும் அறைக்குப் பொதுவாகக் காலை உணவு சேராது. ஐந்து பேருக்கு ஸ்டார் ஹோட்டல் பஃபே என்றால் பில் பெரிதாகிவிடும். இதையும் கணக்கில் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

* வேறு கட்டணம் உண்டா? அமெரிக்கா போகும் குடும்பங்கள் 'ரிஸார்ட் ஃபீ' என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். ஹயாட்டும் ஹில்டனும் முழுக்கப் பாயின்ட்ஸில் எடுக்கும் இரவுகளுக்கு இதை வாங்குவதில்லை. மேரியட் ஹோட்டல்களில் பாயின்ட்ஸில் தங்கினாலும் கட்ட வேண்டியிருக்கும்.

* எத்தனை இரவுகள்? மேரியட்டில் பாயின்ட்ஸ் கொடுத்துத் தொடர்ந்து ஐந்து இரவுகள் எடுத்தால், நான்கு இரவுகளுக்குத்தான் பாயின்ட்ஸ் போகும். நான்கு இரவு திட்டம் என்றால், ஐந்தாகப் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

* ரத்து செய்தால்? பாயின்ட்ஸ் திரும்ப வருமா, எந்தத் தேதி வரை ரத்து செய்யலாம் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். அந்தத் தேதியை போன் காலண்டரில் குறித்துவைத்துவிடுங்கள்.

* எப்போது தேடுவது? ஒரு ஹோட்டலில் அறைகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், பாயின்ட்ஸில் கொடுக்கும் சூட்கள் கொஞ்சம்தான். தீபாவளி, கிறிஸ்துமஸ், மே மாத விடுமுறைக்கு முன்கூட்டியே பார்த்தால்தான் உண்டு. பிள்ளைகளின் பள்ளி அட்டவணை இடம் கொடுத்தால், வெள்ளி, சனியைத் தவிர்த்து வார நாள்களில் தேடுங்கள்.

இன்னொரு விஷயம், கணக்கின் பாதுகாப்பு. பாயின்ட்ஸும் ஒருவகைப் பணம்தான் என்பது திருடர்களுக்கும் தெரியும். ஸ்டார்வுட் ஹோட்டல்களின் முன்பதிவுத் தகவல்கள் திருடுபோனதை 2018 நவம்பரில் மேரியட் அறிவித்தபோது, கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இமெயிலுக்கும் ஹோட்டல் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டை வைக்காதீர்கள். 'உங்கள் பாயின்ட்ஸ் இன்று இரவு காலாவதியாகிறது' என்று வரும் எஸ்.எம்.எஸ் லிங்க்கைத் தொடாமல், நேரடியாக ஆப்பைத் திறந்து பாருங்கள்.

மொபைலிலேயே பத்து நிமிடங்களில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் யார் யாருக்கு எந்தெந்த ஹோட்டல் திட்டத்தில், எந்தெந்தக் கார்டில் எவ்வளவு பாயின்ட்ஸ் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கு எத்தனை பேர், எத்தனை அறை என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள். இரண்டு அறை தேவை என்று வந்தால், சூட்டின் பாயின்ட்ஸையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஓர் அறையே போதும் என்றால், பாயின்ட்ஸை அதற்கே செலவழித்துவிட்டு, இன்னொரு பயணத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.